உடலில் நேரும் எழுத்துப்பிழை

விழாக் காணும் இக்கல்லூரியின் மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, என் மனத்தில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி. அடுத்து எழுந்தது அச்சம். நான் இக்கல்லூரியிற் பயின்றவனல்லேன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளியேறிய இளமைக்காலத்தில் இங்கே சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊரொன்றிலிருந்து வந்த இளைஞனை இந்து மாணாக்கரின் இவ்வித்தியாசாலை தன் வீட்டுப் பிள்ளையாகவே நடத்தியது. அந்நன்றிக் கடனிற் சிறிதளவேனும் தீர்க்கும் வாய்ப்பு இஃது என எண்ணியே எழுதுகோலை எடுத்தேன்.

தமிழாசிரியன் எழுதுவதென்றால் அது இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பு. ஆயின் நான் எழுத விரும்புவது ஒரு குற்றத்தைப் பற்றி. அக்குற்றத்தைச் செய்தவன் நானே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் கரையோரப் பாடசாலையொன்றில் சிரமதானம் நிகழ்ந்தது. பின்புறத்துக் களஞ்சிய அறையில் பழைய கணினிகள் குவிந்து கிடந்தன. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி வந்து மருதமுனை முதல் சாய்ந்தமருது, மாளிகைக்காடு வரையில் எங்கள் ஊர்களை அழித்துச் சென்ற பின்னர், நல்லெண்ணத்தோடு பலரும் அனுப்பிய பொருள்களுட் சில அவை. சில காலம் உழைத்தன, பின்னர் பழுதுற்றன. உப்புக்காற்று எஞ்சியதையும் தின்றது. அவற்றோடு கிழிந்த ஸ்பொஞ்சு மெத்தைகள் சிலவும் கிடந்தன. “எல்லாவற்றையும் பின்வளவிற் குவித்து நெருப்பு வையுங்கள்” என்று பத்தாந் தர மாணவரிடம் சொன்னேன். பிள்ளைகள் அவ்வாறே செய்தனர்.

மெத்தை புகைந்தது, கணினிக் கூடு கறுத்தது, ஆனால் நெருப்பு நிலைக்கவில்லை. கொளுத்துவதும் அணைவதுமாக நேரம் போயிற்று. அப்பொழுது ஒரு மாணவன் என்னைப் பார்த்து, “சேர், இது ஏன் பத்துதில்ல? பிளாஸ்டிக் எண்டா பத்தத்தானே வேணும்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்க ஆசிரியர் கையாளும் வழியையே நானும் கையாண்டேன். “கேள்வியை விட்டு வேலையைப் பார்” என்றேன். போத்தலில் இருந்த மண்ணெண்ணெயை நானே ஊற்றினேன். கறுத்த புகை எழுந்து, கடற்காற்றில் வகுப்பறைகளின் பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே தடிகளாற் கிளறினர்.

அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. விஞ்ஞான ஆசிரியரான நண்பரொருவரின் துணையோடு நூல்களையும் ஆய்வுகளையும் தேடி, மெல்ல மெல்ல விடையை அறிந்தேன். அறிந்த நாளில் உறக்கம் வரவில்லை. இக்கட்டுரை அம்மாணவனின் வினாவுக்கு நான் காலந் தாழ்த்திக் கூறும் விடை.

அப்பொருள்கள் எரிய மறுத்ததற்குக் காரணம், அவை எரியக்கூடாது என்பதற்காகவே அவற்றுள் மருந்து கலக்கப்பட்டிருந்ததுதான். தீத்தடுப்பிகள் என்று அவற்றை இங்கே அழைப்போம். மரமும் பருத்தியும் இரும்பும் கொண்டு வீட்டுப் பொருள் செய்த காலம் போய், மண்ணெண்ணெயின் உறவினரான பிளாஸ்டிக்கும் ஸ்பொஞ்சும் வீடுகளை நிறைத்த காலம் வந்தது. அவை எளிதில் தீப்பற்றுவன. ஆதலின் 1970 ஆம் ஆண்டுகள் முதல் மேல்நாட்டுத் தொழிற்சாலைகள் புரோமீன் என்னும் மூலகத்தைக் கொண்ட சேர்வைகளை அவற்றிற் கலந்தன. சூடேறும்பொழுது புரோமீன் வெளிப்பட்டு, சுவாலையைப் பரப்பும் துணுக்குகளைப் பிடித்து அடக்கிவிடும். தீ தானே தணியும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் கூட்டில், நிறையிற் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இத்தகைய சேர்வை கலந்திருந்ததுண்டு.

இதுவரையில் கதை நல்ல கதையே. தீயிலிருந்து மனிதரைக் காக்க எண்ணியதிற் குற்றமில்லை. குற்றம் அடுத்த படியில் இருக்கின்றது. இச்சேர்வைகளுட் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கோடு பிணைக்கப்பட்டவையல்ல. மாவிற் கலந்த உப்பைப் போலக் கலக்கப்பட்டவை. ஆதலின் அவை ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. வீட்டுத் தூசியிற் படிகின்றன. தூசி படிந்த கையிலிருந்து வாய்க்குச் செல்கின்றன. தவழும் குழந்தையே அதிகம் உட்கொள்கின்றது. அவை நீரிற் கரையா, கொழுப்பிற் கரைவன. உடலுட் சென்றவை எளிதில் வெளியேறாமற் கொழுப்பிற் குடியிருக்கின்றன. அவற்றுட் சில, பாதியளவு நீங்குவதற்கே ஆண்டுகள் சில ஆகும்.

உடலுள் எங்கே தங்குகின்றன என்பதை அறிய ஆய்வாளர் எலிகளைக் கொண்டு சோதித்தனர். கதிரியக்க அடையாளமிட்ட தீத்தடுப்பியைக் கொடுத்து, அது சென்ற வழியைத் தேடினர். கொழுப்பிலும் ஈரலிலும் இருந்ததோடு, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகளிலும், பெண் எலிகளின் சூலகங்களிலும் அது செறிந்திருக்கக் கண்டனர். காரணம் விளங்காததன்று. இச்சுரப்பிகள் கொழுப்பின் வகையான கொலஸ்திரோலைச் சேமித்து, அதிலிருந்தே ஓமோன்களை ஆக்குகின்றன. அவற்றுக்கு இரத்தவோட்டமும் மிகுதி. கொழுப்பை நாடும் பொருளுக்கு இதைவிட நல்ல தங்குமிடம் வேறேது?

ஓமோன்களைப் பற்றி இங்கே ஒரு சொல். உடல் என்னும் அரசாட்சியில் நரம்பு தந்தி என்றால், ஓமோன் கடிதம். சுரப்பிகள் கடிதம் எழுதுகின்றன; இரத்தம் அதனைக் கொண்டு செல்கின்றது; தூரத்து உறுப்பு அதனை வாசித்து அதன்படி நடக்கின்றது. வளர்ச்சி, பூப்பு, கருவுறல், வெப்பம், மன ஊக்கம் யாவும் இக்கடிதங்களின் ஆணையால் நடப்பன. கடிதத்தின் அளவோ மிகச் சிறிது. சிறிய எழுத்தில் எழுதிய கடிதத்தைக் கெடுக்கச் சிறிய கறையே போதும்.

இவ்விடத்தில்தான் தமிழாசிரியனாகிய எனக்கு விடயம் நன்கு விளங்கிற்று. கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட்டுச் சுரப்பி, தைரொட்சின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அதன் மூலக்கூற்றைப் படமாக எழுதினால் இரண்டு வளையங்கள் தோன்றும். அவற்றை ஓர் ஒட்சிசன் அணு இணைக்கும். வளையங்களின் மீது நான்கு அயடீன் அணுக்கள் அமர்ந்திருக்கும். தீத்தடுப்பிகளுட் பெருவழக்காயிருந்த ஒன்றை எழுதினால், அங்கும் இரண்டு வளையங்கள். அங்கும் அவற்றை இணைப்பது ஓர் ஒட்சிசன் அணு. அயடீன் இருக்குமிடத்தில் நான்கு புரோமீன் அணுக்கள். மூலகங்களின் அட்டவணையில் புரோமீனும் அயடீனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை.

மனம் என்பதை மணம் என்று எழுதிய மாணவனின் கொப்பியிற் சிவப்புக் கோடிடுகின்றோம். அறம் அரமானால், நீதி சொல்ல வந்த வாக்கியம் இரும்பறுக்கும் கருவியைப் பேசும். ஓரெழுத்து மாறியது, பொருள் கெட்டது. உடலிலும் இதுவே நிகழ்கின்றது. இரத்தத்தில் தைரொட்சினைச் சுமந்து செல்லும் புரதங்களுள் ஒன்று, உடலினுட் சற்றே உருமாறிய இத்தீத்தடுப்பிகளைத் தைரொட்சினென மயங்கிச் சுமக்கின்றது. ஆய்வுகூடச் சோதனைகளில் இவ்வினத்துப் பொருள்கள் சில, உண்மையான ஓமோனைவிட இறுக்கமாக அப்புரதத்தைப் பற்றிக்கொண்டன. தபாற்காரனின் பையிற் போலிக் கடிதங்கள் நிறைந்தால் மெய்க் கடிதத்துக்கு இடமேது? சிவப்புக் கோடிடும் ஆசிரியர் எவரும் உடலினுள் இல்லை.

எழுத்துப்பிழையால் நேர்ந்த பெருங்கேடொன்று வரலாற்றிலும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலை இரு பொருள்களை ஆக்கி வந்தது. ஒன்று பசுக்களுக்குத் தீனியோடு கொடுக்கும் மக்னீசியச் சேர்வை. அதன் பெயர் நியூட்ரிமாஸ்டர். மற்றையது புரோமீன் கொண்ட தீத்தடுப்பி. அதன் பெயர் பயர்மாஸ்டர். 1973 ஆம் ஆண்டில், நிறவேறுபாடில்லாத சாதாரணக் கடதாசிப் பைகளில் இரண்டும் அடைக்கப்பட்டு, ஒன்று மற்றொன்றாகக் கருதப்பட்டுக் கால்நடைத் தீனி ஆலைக்குச் சென்றுவிட்டது. பசுக்கள் உண்ணாமல் மெலிந்தன, பால் வற்றியது. இரசாயனம் கற்ற பாற்பண்ணையாளர் ஒருவரின் விடாமுயற்சியால் உண்மை வெளிப்பட ஏறத்தாழ ஓராண்டு சென்றது. அதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் அம்மாநில மக்களின் உணவுமேசையை அடைந்துவிட்டன. ஏறத்தாழ 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன. அத்துடன் முடிந்ததா? அதிக அளவில் அந்நஞ்சைத் தாயின் கருவிலேயே பெற்று, பின்னர் தாய்ப்பாலருந்தி வளர்ந்த பெண்மக்கள், ஏனையோரினும் முந்திப் பூப்பெய்தினர் என்பது 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவு. தாய் உண்ட உணவிலிருந்த பிழையை மகளின் உடல் வாசித்தது.

சுவீடன் நாட்டில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. அங்கே தாய்ப்பாலின் மாதிரிகளை ஆண்டுதோறும் சேமித்து வைக்கும் நல்வழக்கம் இருந்தது. 1972 முதல் 1997 வரையிலான மாதிரிகளை ஆராய்ந்தோர், அவற்றிலுள்ள தீத்தடுப்பியின் அளவு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கொருமுறை இரட்டித்து வந்ததை அறிந்து திடுக்கிட்டனர். ஐரோப்பா விழித்துக்கொண்டது. 2004 இல் இரு வகைகள் அங்கே தடுக்கப்பட்டன. நம் அயலிலும் இச்செய்தி இல்லாமலில்லை. இந்தியாவிற் சென்னை, சிதம்பரம், கொல்கத்தா முதலிய இடங்களில் தாய்மாரின் பாலை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டவர்களும் இச்சேர்வைகளைக் கண்டனர். அளவு அமெரிக்கத் தாய்மாரிடத்துக் கண்டதிலும் குறைவே. எனினும் பயர்மாஸ்டரையோ பசுத் தீனியையோ கண்டறியாத அன்னையர் அவர்கள்.

இதனை வாசிக்கும் இளந் தாய்மாருக்கு ஒன்றை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தாய்ப்பாலை நிறுத்துமாறு எந்த மருத்துவ அறிஞரும் இக்காரணத்தால் கூறவில்லை. அதனால் வரும் நன்மை இவ்வச்சத்தினும் மிகப் பெரிது. நிறுத்த வேண்டியது பாலையன்று. பாலிற் கலக்கும் வழியை.

இனி, நேர்மையின் பொருட்டு மற்றொன்றையும் கூறவேண்டும். எங்கள் வீட்டில் என் உம்மா ஒவ்வொரு நாளும் அதிகாலையில் வெறுவயிற்றில் தைரொட்சின் மாத்திரை விழுங்குகின்றார். எங்கள் தெருவிலும் அவ்வாறு விழுங்குவோர் உளர். அந்நோய்க்கும் நான் மூட்டிய நெருப்புக்கும் தொடர்புண்டு என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் அறிவுடைமையாகாது. அயடீன் குறைதல், பரம்பரை, உடல் தன்னையே எதிர்த்தல் எனத் தைரொயிட்டு நோய்க்குக் காரணங்கள் பல. ஒரு மனிதரின் நோயை எடுத்து இதனால் வந்தது என்று விரல் நீட்ட இவ்வறிவு இன்னும் இடந்தரவில்லை. ஆயினும் நியூயோர்க்கிலும் கலிபோர்ணியாவிலும் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தோர், பிறக்குமுன் இச்சேர்வைகளை மிகுதியாகப் பெற்ற பிள்ளைகள் அறிவுத்திறச் சோதனைகளிற் சற்றுக் குறைந்த புள்ளிகள் பெற்றதைக் கண்டுள்ளனர். கருவிலுள்ள சிசுவின் மூளை வளரத் தைரொட்சின் இன்றியமையாதது என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. பிள்ளைகளின் புள்ளிகளைக் கொண்டே வாழ்நாளைக் கழிக்கும் ஆசிரியனுக்கு அச்சமளிக்கும்.

கழுத்துக் கழலை நோயைத் தடுக்க நம் நாடு ஒருகாலத்தில் எடுத்த முயற்சியை நினைவுகூருங்கள். அயடீன் ஊட்டிய உப்பு 1995 முதல் சட்டத்தால் வலியுறுத்தப்பட்டது. ஒரு சுரப்பியின் நலத்துக்காக ஒவ்வோர் அடுப்பங்கரையிலும் அரசு கைவைத்தது, எவரும் குறைகூறவில்லை. அயடீனைக் கொண்டு சேர்ப்பதில் இத்துணை அக்கறை காட்டிய நாம், அயடீனின் இடத்தைத் திருடும் பொருளைக் கொளுத்தி ஊதுவது எத்துணைப் பேதைமை!

ஏனெனில், கொளுத்துவதால் இந்நஞ்சு அழிவதில்லை. தொழிற்சாலைகளில் உயர்ந்த வெப்பத்தில், புகையை வடித்து எரிப்பது வேறு. நம் வளவில் மூட்டும் தாழ்ந்த வெப்பத்து நெருப்பில் புரோமீன் சேர்வைகளிற் சில அப்படியே புகையோடு பறக்கும். சில டயொக்சின் இனத்தைச் சேர்ந்த கொடிய பொருள்களாக மாறும். தீயைத் தடுக்கவென வந்த மருந்தை மண்ணெண்ணெயூற்றி எரித்த என் அறியாமையை இப்பொழுது வாசகர் முழுமையாக உணர்வர்.

எங்கள் கரையில் இது தனியொருவனின் குற்றமாக நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிரேன். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்கீற்றில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பன எங்கள் ஊர்கள். வீட்டுக்கு வீடு சுவரொன்றே எல்லை. குப்பை போட இடமில்லை, ஆதலின் கடற்கரையிலும் களப்போரத்திலும் போடுகின்றோம், அந்தியில் கொளுத்துகின்றோம். உள்ளூராட்சி மன்றங்கள் அள்ளிச் செல்வதும் வேறெங்கோ திறந்தவெளியிற் குவிகின்றது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டாண்டுகளில் இருபதளவில் யானைகள் மாண்டன என்ற செய்தியும், வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்த படங்களும் 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. யானை பெரிய விலங்கு; வீழ்ந்தாற் கண்ணுக்குத் தெரியும். சுரப்பியோ சிறியது, அதற்குள் நிகழ்வதைக் காணப் படம்பிடிப்போர் வருவதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்து 2017 செப்டம்பரில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. நிலைத்துநிற்கும் கரிம நஞ்சுகள் பற்றிய ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையை இலங்கை 2005 இல் ஏற்றுக்கொண்டது. அவ்வுடன்படிக்கையின் தடைப்பட்டியலில் 2009, 2013, 2017 ஆம் ஆண்டுகளில் புரோமீன் தீத்தடுப்பிகள் பல சேர்க்கப்பட்டன. சட்டம் கொழும்பில் இருக்கின்றது. தீக்குச்சி நம் கையில் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க வேண்டியது அறிவு.

என் கருத்துக்கு மறுப்புரைப்போர் உளர். அவர்தம் கூற்றுக்களையும் நோக்குவோம்.

“தீயால் இறப்போர் மெய்யாகவே இறக்கின்றனர், சுரப்பியின் கேடோ ஐயத்துக்குரியது. ஐயத்துக்கஞ்சி மெய்யான காவலை விடலாமா?” என்பர் சிலர். நல்ல வினா. இதற்கு விடையிறுத்தது கலிபோர்ணியா மாநிலமே. மெத்திருக்கைகளின் ஸ்பொஞ்சு சிறு சுவாலையைத் தாங்கவேண்டுமென 1975 இல் அங்கே விதி பிறந்தது. அதனாலேயே தீத்தடுப்பிகள் வீடுதோறும் புகுந்தன. மெய்யான வீட்டுத்தீயில் அவை தரும் பயன் சிறிதே என்பதும், புகையின் நஞ்சை அவை கூட்டும் என்பதும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டன. 2013 இல் அம்மாநிலமே விதியை மாற்றி, தீத்தடுப்பி இன்றியும் நிறைவேற்றக்கூடிய சோதனையை ஏற்படுத்தியது. விமானம், மின்சாதனம் போன்ற சில இடங்களில் காவல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தை உறங்கும் மெத்தையில் வேண்டுமா என்பதே என் கேள்வி.

“ஒன்றைத் தடுத்தார்களன்றோ? இனிக் கவலையென்ன?” என்பர் வேறு சிலர். பிள்ளைகளின் இரவு உடையிற் கலந்த திரிஸ் என்னும் தீத்தடுப்பி உயிரணுக்களின் பரம்பரைப் பொருளைக் கெடுக்கவல்லது என்று பெண் விஞ்ஞானி ஆலின் புளூமும் புரூஸ் ஏம்சும் 1977 இல் எழுதினர். அவ்வாண்டிலேயே அது உடையிலிருந்து நீக்கப்பட்டது. ஆயின் புரோமீனுக்குப் பதிலாகக் குளோரீன் கொண்ட அதன் உடன்பிறப்பு, பிற்காலத்தில் இருக்கை மெத்தைகளுள் மெல்லப் புகுந்தது. மட்டக்களப்புக் கூத்தரங்கில் ஒருவரே முற்பாதியில் ஒரு வேடமும் பிற்பாதியில் வேறொரு வேடமும் புனைந்து வருவதுண்டு. சபையோர் குரலைக் கொண்டு ஆளை அறிவர். இரசாயனம் வேடமாறி வரும்பொழுது குரலை அறிய நமக்குச் செவி வேண்டும். தனித்தனிப் பெயரைத் தடுப்பதிற் பயன் குறைவு. தீங்கற்றதென முன்னரே நிறுவாத பொருளைச் சந்தைக்கு விடாமையே முறை. சோதனைச் சாலை செய்யவேண்டிய வேலையைக் குழந்தையின் தொட்டிலுக்குத் தள்ளுதல் அறமன்று.

“ஏழை ஊருக்கு இவையெல்லாம் ஆகுமா?” என்பது மூன்றாவது கூற்று, என் ஊரவர் கூறுவது. இதற்கு நான் சொல்லும் விடை எளிது. எரியாமல் விடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஈரத் துணியால் தூசியைத் துடைக்கவும், உண்ணுமுன் பிள்ளையின் கையைக் கழுவவும் செலவில்லை. தொழுகைக்குமுன் ஒளுச் செய்யும் வழக்கமும், வெளியே சென்று வந்தாற் கால்கை கழுவியே வீட்டுள் நுழையும் வழக்கமும் கொண்ட மக்கள் நாம். முன்னோர் இட்ட அவ்வழக்கத்துக்கு இன்றைய விஞ்ஞானம் புதியதொரு காரணமும் தந்திருக்கின்றது, அவ்வளவே.

செய்யத்தக்கவை மூன்றென நான் கருதுகின்றேன். முதலாவது, பழுதுற்ற கணினி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, வயர், ஸ்பொஞ்சு என்பவற்றை ஏனைய குப்பையோடு சேர்க்காது வேறாக வைத்தல். ஒவ்வொரு பாடசாலையிலும் பூட்டிய சிற்றறை ஒன்று இதற்குப் போதும். ஆண்டுக்கு இருமுறை உள்ளூராட்சி மன்றமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் வகை செய்து, உரிமம் பெற்ற சேகரிப்போரிடம் அவற்றை ஒப்படைக்கவேண்டும். செம்புக்காக வயரை எரிக்கும் ஏழைச் சிறுவனுக்கு, எரிக்காமற் கொடுத்தாலும் விலையுண்டு என்ற நிலை வரவேண்டும்.

இரண்டாவது, கொடுப்போரின் கடமை. இம்மலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர் கைகளுக்கும் செல்லும் என அறிவேன். உங்கள் உள்ளத்தின் ஈரத்தை நாங்கள் மறவோம். கடல் கொண்டுபோன பின்னர் எங்கள் பிள்ளைகளுக்குக் கொப்பியும் கணினியும் தந்த கைகள் அவை. ஆயினும் பழையதை அனுப்புமுன், அதன் ஆயுள் இன்னும் எத்தனை ஆண்டு, அது முடிந்தபின் எங்கே புதைக்கப்படும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாண்டு உழைத்து முப்பதாண்டு நஞ்சூட்டும் பொருள் தானமாகாது. பத்துப் பழைய கணினிகளினும் ஒரு புதிய கணினியும், அது பழுதுற்றாற் கையளிக்க ஒழுங்கான வழியும் மேலானவை.

மூன்றாவது, என் தொழிலைச் சார்ந்தது. நான் தேடிய செய்திகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாந் தர மாணவனின் கேள்விக்கு அவன் மொழியில் விடை கிடைக்கவில்லை. எங்கள் அயலூராகிய காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகள், 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவ்வழியை நாம் தூர்ந்துபோக விட்டோம். வைத்தியராகவும் இரசாயனவியலாளராகவும் புகழ்பெற்ற இக்கல்லூரிப் பழைய மாணவரை இரந்து கேட்கின்றேன்: உங்கள் துறையில் ஆண்டுக்கொரு கட்டுரை, ஊரிலுள்ள தாய் வாசித்து விளங்கும் தமிழில் எழுதுங்கள். நாங்கள், தமிழாசிரியர், பிழை திருத்தித் தருவோம். எச்சரிக்கை புரியாத மொழியில் இருக்குமாயின், அது எச்சரிக்கையே அன்று.

விடையைக் கண்டறிந்த பின்னர் அம்மாணவனைத் தேடிச் சென்றேன். அப்பொழுது அவன் உயர்தர வகுப்பில் இருந்தான். மரத்தடியில் அமர்ந்து, இரு வளையங்களையும் நான்கு அணுக்களையும் மணலில் விரலால் எழுதிக் காட்டினேன். அயடீனை அழித்து அவ்விடத்திற் புரோமீனை எழுதியதும், அவன் சட்டென்று விளங்கிக்கொண்டான். சிறிதுநேரம் மணலையே பார்த்திருந்துவிட்டு, “அப்ப அண்டைக்கு நாங்க குடிச்ச புகை, சேர்?” என்று கேட்டான்.

இம்முறை கேள்வியை விட்டு வேலையைப் பார் என்று நான் சொல்லவில்லை. “ஒரு நாள் குடித்த புகையால் உனக்கு நோய் வரும் என்று அஞ்சாதே, நஞ்சு நாள்தோறும் சேர்வதே கேடு. ஆனால் அந்த ஒரு நாளை உனக்குத் தந்தவன் நான். என்னை மன்னித்துக்கொள், மகன்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, என் கையிலிருந்த புத்தகப் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தான்.

அன்று முதல் எங்கள் பாடசாலைப் பின்வளவில் நெருப்பு மூட்டுவதில்லை. களஞ்சிய அறையின் ஒரு மூலையில் பழுதுற்ற பொருள்கள் காத்திருக்கின்றன. அவற்றைப் பொறுப்பேற்போருக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் என் கோவையில் உள்ளன. அதிபருக்கு அவ்வறை வேறு தேவைக்கு வேண்டுமாம். அவரோடு நாள்தோறும் வழக்காடுகின்றேன். இவ்வழக்கில் நான் தோற்காதிருக்க, இதனை வாசிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அத்தகைய அறையொன்றைத் திறந்து துணைநிற்கவேண்டும்.

பிழையைக் கண்டால் திருத்துவது ஆசிரியர் தொழில். தன் பிழையைக் கண்டாற் சொல்லித் திருத்துவது அதனினும் உயர்ந்த தொழிலென இக்கல்லூரியில் என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர்களிடம் கற்றேன். அப்பாடத்தைத் தந்த கல்லூரி பல்லாண்டு செழித்து வாழ்க. அதன் மாணவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒருநாளும் மண்ணெண்ணெய் விடையாகாதிருப்பதாக!